பொருள் கைமாறும் வழிகள்: சந்தை, மண்டி, ஏலம், மொய் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவரிடம் இருக்கும் பொருள் இன்னொருவரிடம் போய்ச் சேரும்போது விலை என்ற ஒரே ஓர் எண்தான் நம் கண்ணில் படுகிறது. பணம் எப்போது கைக்கு வருகிறது, எடை போடுபவர் யார், அழுகிப்போனால் நட்டம் யாருடையது, விலை பிடிக்காவிட்டால் சரக்கைத் திருப்பி எடுத்துச் செல்ல முடியுமா என்பனவெல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இவையே. தமிழ்நாட்டு விளைபொருள் வணிகத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளும் சேவையும் கைமாறும் முறைகளைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

பரிமாற்றம் என்றால் பணம் கொடுத்து வாங்குவது மட்டும்தானா?

இல்லை. பணம் கொடுத்து வாங்குவது அதன் ஒரு வகை. அறுவடைக்கு வந்தவருக்கு நெல்லாகக் கூலி அளப்பதும், இன்று உங்கள் வயலில் நான் நடவு நட்டால் நாளை என் வயலுக்கு நீங்கள் வரவேண்டும் என்று ஏற்பாடு செய்துகொள்வதும், மளிகைக் கடையில் நோட்டில் எழுதிவைத்துவிட்டு மாதக் கடைசியில் கணக்கு முடிப்பதும், திருமண வீட்டில் மொய் எழுதுவதும் பரிமாற்றங்களே. கொடுப்பதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இவற்றில் எதிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் காலம் நுழைந்துவிட்டால் அங்கே கடன் பிறந்துவிடுகிறது, கடன் பிறந்த இடத்தில் ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

பணம் புழங்குவதற்கு முன் பண்டமாற்று மட்டுமே இருந்ததா?

பாடநூல்களில் அப்படித்தான் படித்திருப்போம்: முதலில் பண்டமாற்று, அதன் சிக்கலைத் தீர்க்கப் பணம், பிறகு கடன். ஆனால் எல்லாவற்றையும் உடனுக்குடன் பண்டம் மாற்றியே வாழ்ந்த ஒரு சமூகத்தை மானிடவியலாளர்கள் எங்கும் கண்டதில்லை. தெரிந்தவர்களுக்குள் பொருள் கடனாகவும் கொடையாகவும் கைமாறியது. நேருக்கு நேர் பண்டமாற்று பெரும்பாலும் வெளியூராருடன் நடந்தது.

தமிழில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. உப்பு விற்கும் பெண் நெல்லும் உப்பும் ஒரே அளவு என்று சேரியில் கூவிச் செல்வதை அகநானூறு காட்டுகிறது. நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்ற உமணர் ஊர்ஊராகப் போகிறவர்கள் என்பதால், அவர்களிடம் கடன் சொல்லவும் முடியாது, கடன் கொடுக்கவும் முடியாது. அதனால்தான் விகிதம் வெளிப்படையாகக் கூவப்படுகிறது, பொருள் அங்கேயே அப்போதே கைமாறுகிறது.

சோழர் காலத்துக் கோயில்களில் நடந்தது இதற்கு நேர்மாறானது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி, ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து கொடுக்க வேண்டும். கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன. கிழ ஆடு செத்தாலும் குட்டிகள் அந்த இடத்தை நிரப்ப வேண்டும், கணக்கில் ஆடு குறையக் கூடாது என்பது அதன் பொருள். முதலைக் கொடுத்து, வட்டியை நெய்யாக, முடிவே இல்லாமல் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது. மந்தையில் நோய் விழுந்தால் நட்டம் இடையருக்கு. கோயிலுக்கு நெய் குறையாது. இன்றைய கடன் பத்திரங்களில் பொடி எழுத்தில் எழுதப்படும் நிபந்தனைகளை அன்று கல்லில் பெரிதாகவே வெட்டிவைத்தார்கள்.

இன்றும் பணமில்லாத பரிமாற்றம் நடக்கிறதா?

நடக்கிறது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்பது கேலிப்பேச்சாக மிஞ்சிவிட்டாலும், பழைய துணிக்கும் உதிர்ந்த தலைமுடிக்கும் எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர்கள் இன்னும் தெருக்களில் வருகிறார்கள். ஆனால் பெரிய அளவில் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிக்கும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதிக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் போக வேண்டும்.

அங்கே நடப்பது மொய் விருந்து. வீட்டில் திருமணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்காகவே ஒருவர் அழைப்பிதழ் அச்சடித்துக் கறிவிருந்து போடுகிறார். செலவைக் குறைப்பதற்காகப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பதும் வழக்கம். சாப்பிட்டு எழுந்தவர் மேசைக்கு வந்து பெயரையும் ஊரையும் சொல்லித் தொகையைக் கொடுக்க, எழுதுபவர் நோட்டில் பதிவு செய்கிறார். நோட்டின் ஒவ்வொரு வரியும் விருந்து வைத்தவருக்கு ஒரு கடன். மொய் கொடுத்தவர் நாளை விருந்து வைக்கும்போது, இவர் வாங்கிய தொகையோடு கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். கூட்டிச் செய்யும் தொகை மறுபடியும் எதிர்த்தரப்பின் கணக்கில் கடனாக ஏறும்.

வங்கிக்குப் போனால் ஈடும் ஆவணமும் கேட்பார்கள், தனியாரிடம் போனால் வட்டி கழுத்தை நெரிக்கும் என்ற நிலையில், ஒரே நாளில் பெருந்தொகை திரட்டிக் கிணறு வெட்டவும் கடை வைக்கவும் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும் இது வழிசெய்கிறது. ஈடு என்று எதுவும் கிடையாது. ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமே என்ற எண்ணம்தான் ஈடு. அதனாலேயே இதைக் குறையில்லாத முறை என்று புகழ முடியாது. வாங்கியதைக் கைமீறிச் செலவழித்துவிட்டு, வரிசையாக வரும் அழைப்பிதழ்களுக்குத் திருப்பிச் செய்யக் கடன் வாங்கும் குடும்பங்களும் அங்கேயே இருக்கின்றன.

காய்கறி மண்டிக்குக் கொண்டுபோகும் உழவருக்குக் கடைசியில் என்ன மிஞ்சும்?

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உழவர் ஒருவர் 50 பெட்டி தக்காளியுடன் மண்டிக்கு வருகிறார். ஒட்டன்சத்திரம், உடுமலை வட்டாரங்களில் பெட்டிக்கு 14 கிலோ என்பது வழக்கம். ஆக 700 கிலோ. அன்றைய ஏலத்தில் பெட்டி 200 ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 10,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் மண்டிக் கமிஷன் 1,000 ரூபாய், இறக்குகூலி பெட்டிக்கு 5 ரூபாய் வீதம் 250 ரூபாய், வண்டி வாடகை பெட்டிக்கு 15 ரூபாய் வீதம் 750 ரூபாய் எனக் கழித்தால் கையில் 8,000 ரூபாய். முதல்நாள் பறித்த ஆறு பேருக்கு ஆளுக்கு 350 ரூபாய் என 2,100 ரூபாய் கூலி போக 5,900 ரூபாய் நிற்கிறது. கிலோவுக்கு எட்டரை ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. நாற்று, உரம், மருந்து, குச்சி நட்டுக் கட்டிய செலவு, தண்ணீர் பாய்ச்சிய உழைப்பு ஆகியவற்றை இதிலிருந்துதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே தக்காளி நகரத்துக் கடையில் 25 ரூபாய்க்கு விற்றால், இடையிலுள்ள பதினாறரை ரூபாயும் யாரோ ஒருவர் சட்டைப்பைக்குள் போய்விட்டதாக நினைப்பது எளிது. அதில் இரண்டாவது வண்டி வாடகை, இரண்டாவது ஏற்றுகூலி, வழியில் நசுங்கியது, கடையில் இரண்டாம் நாள் தளர்ந்துபோய்க் குறைத்து விற்றது, கடை வாடகை எல்லாம் அடக்கம். இவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதைத்தான் லாபம் என்று பேசலாம். அது சில நாள் மிகுதி, சில நாள் ஒன்றுமே இல்லை.

இடைத்தரகரை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

இந்தக் கேள்வி எல்லாத் தேர்தலிலும் வரும். விடை சொல்வதற்கு முன், இடைத்தரகர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தரகர் இரு தரப்பையும் சேர்த்துவைத்துத் தரகு வாங்குபவர். சரக்கு அவருடையதாக ஒருபோதும் ஆவதில்லை. கமிஷன் மண்டிக்காரர் உழவரின் சரக்கை அவர் சார்பில் விற்றுக்கொடுத்து விழுக்காட்டு அளவில் கமிஷன் எடுப்பவர். வியாபாரி சொந்தப் பணம் போட்டு வாங்கி, விலை ஏறினாலும் இறங்கினாலும் தானே தாங்குபவர்.

இவர்கள் செய்யும் வேலைகளை ஒழிக்க முடியாது; ஆளை மாற்றலாம், அவ்வளவுதான். பல ஊர்ச் சரக்கை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும், தரம் பிரிக்க வேண்டும், வாங்குபவரைக் கண்டுபிடிக்க வேண்டும், அழுகும் நட்டத்தை யாராவது ஏற்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பணத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வேலை. சில்லறை வியாபாரி பெரும்பாலும் கடனுக்கே சரக்கு எடுத்து, விற்றபின் பணம் கட்டுகிறார். உழவருக்கோ அன்றே பணம் வேண்டும். பல நேரங்களில் விதைக்கும்போதே வேண்டும். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தன் பணத்தைப் போட்டு வைத்திருப்பவர் மண்டிக்காரர்தான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. விதைப்புக்கு முன்பணம் வாங்கிய உழவர் விளைச்சலை அந்த மண்டிக்கே கொண்டுவர வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். பக்கத்து மண்டியில் பெட்டிக்கு 20 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அவரால் போக முடியாது. முன்பணத்துக்கு வட்டியே இல்லை என்று சொல்லப்படுவதுண்டு. கைவிட்டுப் போகும் அந்த 20 ரூபாய்தான் வட்டி. கமிஷன் விகிதத்தை மட்டும் குறைக்கச் சட்டம் போட்டால் இது மாறாது. குறைந்த வட்டிக் கடன் வேறு வழியில், குறித்த நேரத்தில் கிடைத்தால் மட்டுமே உழவர் மண்டியை மாற்ற முடியும். மண்டியை மாற்ற முடியும் என்ற நிலை வந்துவிட்டாலே, மண்டிக்காரர் பேச்சும் மாறிவிடும்.

விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்?

தனியொருவர் நிர்ணயிப்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் அது முழு விடையாகாது. விலை கண்டறியப்படும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது, முறை மாறும்போது விலையும் மாறுகிறது.

காய்கறி, பூ, மீன் போன்றவற்றில் கூவி ஏலம் விடுவது வழக்கம். சரக்கு கண்ணெதிரே இருக்கும். கேட்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏற்றிக் கேட்பார்கள். விரைவாக முடிந்துவிடும் என்பது இதன் நல்ல பக்கம். வாங்குபவர்கள் சிலரே இருந்து, அவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்தால் ஏலம் வெறும் சடங்காகிவிடும் என்பது கெட்ட பக்கம். அரசுச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நடப்பது மறைமுக ஏலம்: ஒவ்வொரு குவியலுக்கும் ஓர் எண் இருக்கும், வியாபாரிகள் அடுத்தவர் எழுதியதை அறியாமல் தத்தம் விலையைப் பதிவு செய்வார்கள், எல்லாவற்றிலும் உயர்ந்தது அறிவிக்கப்படும்.

மாட்டுச் சந்தையின் வழக்கமே தனி. மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற சந்தைகளில், தரகரும் வியாபாரியும் கைகளை ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தும் அழுத்தியும் விலை பேசுவதைப் பார்க்கலாம். எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறார் என்பது ஆயிரத்தையும் நூற்றையும் குறிக்கும். சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் இருவருக்கு மட்டுமே தொகை தெரியும். மாட்டுக்கு மாடு பல், சுழி, கறவை, நடை எல்லாம் வேறுபடுவதால் ஒரு மாட்டின் விலை இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் தொகை வெளியே தெரியாததால், எப்போதாவது ஒரு மாட்டை விற்க வருகிற குடும்பத்துக்கு அன்றைய நிலவரம் தெரிய வழியே இல்லை. வாரந்தோறும் நூறு கைகளைப் பிடிக்கும் தரகருக்கு அது விரல்நுனியில் இருக்கிறது. துண்டு மறைப்பது எல்லாருக்கும் ஒரே அளவில் மறைப்பதில்லை.

சில்லறை விற்பனையில் பேரம்தான் முறை. காலையில் முதல் போணிக்கு வருபவருக்குச் சற்றுக் குறைத்தே கொடுத்துவிடும் வழக்கத்தைப் பொருளாதாரக் கணக்கு எதுவும் முழுதாக விளக்கிவிடாது. அன்றைய வியாபாரத்துக்கு நல்ல தொடக்கம் வேண்டும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு விலை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் தக்காளி நூறு ரூபாய்க்கு விற்று, இன்னொரு மாதம் சாலையோரம் கொட்டப்படுவது ஏன்?

விலையைப் பார்த்து நடுவதற்கும் பறிப்பதற்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. விலை உச்சத்தில் இருக்கும்போது பலரும் ஒரே நேரத்தில் நாற்று நடுகிறார்கள், எல்லார் தோட்டமும் ஒரே நேரத்தில் காய்க்கிறது, வரத்து குவிகிறது, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாத விலைக்கு இறங்கிவிடுகிறது. நொந்துபோனவர்கள் அடுத்த பருவத்தில் வேறு பயிருக்குப் போகிறார்கள். அப்போது மழையும் சேர்ந்துகொண்டால் மறுபடியும் விலை ஏறுகிறது.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்கத் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. வாங்குபவருக்கு அது உதவி. விலை சரியும்போது விற்பவரைத் தாங்க அதே வேகத்தில் ஏற்பாடு நடப்பது அரிது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தக்காளிக்காரருக்கு இல்லாத எந்த வசதி மஞ்சள்காரருக்கு இருக்கிறது?

காத்திருக்கும் வசதி. வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய மஞ்சளை மூட்டை கட்டி அடுக்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை பிடிக்கவில்லை என்றால் ஈரோட்டு உழவர் விற்காமல் இருந்துவிடலாம். இரண்டு, மூன்று ஆண்டுச் சரக்கை இருப்பில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருப்பவர்களும் உண்டு.

ஈரோட்டில் மஞ்சள் விற்பதற்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், கூட்டுறவு விற்பனைச் சங்கங்கள், தனியார் மண்டிகள் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. விரலி மஞ்சள், கிழங்கு மஞ்சள் என இரு வகையாகப் பிரித்துச் சாம்பிள் வைக்கப்படும். வியாபாரி ஒரு விரலியை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி இருக்கிறது, உடையும்போது எப்படி ஒலிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் குவிண்டாலுக்கு விலை எழுதுவார். அறிவிக்கப்பட்ட விலை பிடிக்கவில்லை என்றால் உழவர் மறுத்துவிட்டு அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம். 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு அது பெருமை சேர்க்கிறது, ஆனால் அன்றாட ஏலத்தில் விலையைத் தாங்கிப் பிடிப்பது கிடங்கில் இருக்கும் இடமும் அதுவரை குடும்பம் நடத்தக் கையில் இருக்கும் பணமும்தான். பணம் இல்லாதவருக்கு, கிடங்கில் வைத்த சரக்கின் பேரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் பொருளீட்டுக் கடன் தருகின்றன. பலரும் கண்டுகொள்ளாத இந்தக் கடன், என் மதிப்பீட்டில், விலை பற்றிய பல பெரிய திட்டங்களைவிடப் பயனுள்ளது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் எப்படி வந்தது? அங்கே விற்றால் கட்டணம் யார் செலுத்த வேண்டும்?

எடையிலும் கழிவிலும் பருத்தி உழவர்கள் ஏமாற்றப்பட்ட காலத்தில், 1933இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்களின் சந்தைக்கான சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி முதல் விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரில் அமைந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். சரக்கின் மதிப்பில் ஒரு விழுக்காடு சந்தைக் கட்டணம் உண்டு. அதை வாங்கும் வியாபாரி செலுத்துகிறார், உழவரிடம் பிடிப்பதில்லை. காய்கறி மண்டியில் உழவரிடம் பிடிக்கப்படும் கமிஷனோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உழவர் சந்தையில் விலை எப்படி முடிவாகிறது?

முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கிவைத்தார். பஞ்சாப், அரியானா பகுதியின் 'அப்னி மண்டி'யும் ஆந்திரத்தின் 'ரைத்து பஜா'ரும் இதற்கு முன்னோடிகள். உழவர் அடையாள அட்டை வைத்திருப்பவர் மட்டுமே அங்கே விற்கலாம். கடைக்கு வாடகை இல்லை, தராசும் இலவசம். அக்கம்பக்கத்து மொத்த விலையையும் சில்லறை விலையையும் அதிகாலையில் விசாரித்து, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் இருக்கும்படி அன்றைய விலையை அலுவலர்கள் பலகையில் எழுதிவைக்கிறார்கள்.

ஆக, உழவர் சந்தையின் விலை தனித்து நிற்கும் விலையன்று. மண்டி விலையைப் பார்த்துத்தான் அது எழுதப்படுகிறது. அரை ஏக்கரில் பலவகைக் காய்கறி போட்டு நாளுக்குச் சில கூடை பறிப்பவருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருத்தம். ஒரே நாளில் 50 பெட்டி தக்காளி பறித்தவர் அங்கே உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்று முடிக்க முடியாது. அவருக்கு மண்டிதான் கதி.

மொத்தச் சந்தை ஏன் ஒரே பெரிய இடத்தில் இருக்கிறது?

வாங்குபவரும் விற்பவரும் அதிகம் கூடும் இடத்தில்தான் இன்னும் அதிகம் பேர் கூடுவார்கள். எந்தச் சரக்கும் விலைபோகும் என்ற நம்பிக்கையில் லாரி வருகிறது. எந்தச் சரக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கடைக்காரர் வருகிறார். ஜார்ஜ் டவுனின் கொத்தவால்சாவடியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியபோது, மொத்தமாகத்தான் மாற வேண்டியிருந்தது. பாதிப் பேர் மட்டும் போயிருந்தால் இரண்டு இடத்திலும் வியாபாரம் படுத்திருக்கும். 2020 மே மாதம் கொரோனா பரவலால் கோயம்பேடு மூடப்பட்டுக் காய்கறி வணிகம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனபோதும், ஒரே இடமாகத்தான் போனது.

நெல்லை அரசே வாங்கிக்கொள்கிறதே, அங்கே விலைச் சிக்கல் இல்லைதானே?

விலைச் சிக்கல் குறைவு, நேரச் சிக்கல் அதிகம். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையங்களில் விலை முன்கூட்டியே தெரியும். 2025–26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய், 'ஏ' கிரேடுக்கு 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை அதற்கு மேல் சேரும். ஆனால் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறுவடை நேரத்தில் டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, முறை வரும்வரை இராப்பகலாகக் காவல் கிடக்க வேண்டியிருக்கும். விதியைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு தில்லிக்கு எழுத, குழு வந்து பார்த்து முடிவு சொல்வதற்குள் நெல் முளைவிட்டுவிடுவதும் உண்டு. காத்திருக்க இயலாதவர் குறைந்த விலைக்குத் தனியார் வியாபாரியிடமே தள்ளிவிடுகிறார். அறிவித்த விலைக்கும் கையில் கிடைத்த விலைக்கும் இடையில் நிற்பது அந்தச் சில நாட்களே.

சேவைகளைக் கைமாற்றுவதும் இதே போலத்தானா?

அடிப்படையில் ஒன்றே, ஆனால் சேவையை மூட்டை கட்டி வைக்க முடியாது. சும்மா நின்ற அறுவடை இயந்திரத்தின் அந்த ஒரு மணி நேரம் போனது போனதுதான். எல்லா வயலும் ஒரே வாரத்தில் விளையும்போது மணி வாடகை ஏறுகிறது. மழை பெய்து வயல் சேறானால் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் வேண்டும், அதற்கு வாடகை இன்னும் அதிகம். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. ஆனால் அறுவடை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் எல்லாரும் அதற்கே முந்துகிறார்கள்.

முற்காலத்தில் தச்சர், கொல்லர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துபவர் ஆகியோருக்கு ஆண்டு முழுவதும் செய்த வேலைக்கு ஈடாகக் களத்துமேட்டில் நெல் அளக்கப்பட்டது. இதை இணக்கமான கிராமப் பரிமாற்றம் என்று சிலர் ஏக்கத்தோடு எழுதுவதுண்டு. யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. கூலியைப் பேசவோ வேலையை மறுக்கவோ அவர்களால் முடியவில்லை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் அளக்கப்பட்ட நெல்லை நியாயமான விலை என்று சொல்வதற்கில்லை. பணக்கூலியும் நகர வேலையும் வந்தபோது பலர் அந்த ஏற்பாட்டை விட்டு விலகியதில் வியப்பும் இல்லை.

யுபிஐயும் மின்னணுச் சந்தையும் வந்தபின் என்ன மாறியிருக்கிறது?

யுபிஐ, இ-நாம் எனப்படும் தேசிய வேளாண் மின்னணுச் சந்தை இரண்டுமே 2016 ஏப்ரலில் அறிமுகமானவை. முன்னது வேரூன்றிவிட்டது, கீரைக்கட்டு விற்பவரிடமும் கியூஆர் அட்டை தொங்குகிறது. சில்லறை இல்லாமல் மிட்டாய் கொடுத்துச் சமாளித்த காலம் போய்விட்டது. பின்னது மெதுவாகவே நகர்கிறது. திரையில் விலை கேட்பது எளிது. நேரில் காணாத சரக்கின் தரத்தை நம்புவதுதான் கடினம். சோதனைக் கூடமும் தரம் பிரிக்கும் ஏற்பாடும் நம்பகமாக இருக்கும் இடத்தில்தான் வெளியூர் வியாபாரி துணிந்து விலை எழுதுவார். பணம் நொடியில் போகும் வசதி வந்தாலும், மண்டியில் கடன் தவணை அப்படியே இருக்கிறது. கொடுக்கும் வழி மாறியிருக்கிறது, கொடுக்கும் நாள் மாறவில்லை.

மண்டியில் பட்டியல் வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எடை போடும்போது கூடவே நின்று, பெட்டி அல்லது சாக்கின் எடைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால், நூறு மூட்டைக்கு ஒரு குவிண்டால் காணாமல் போகும். பட்டியலில் ஏலம் போன விலை, கமிஷன், இறக்குகூலி ஆகியவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். 'செலவு' என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லலாம், கேட்டால் எழுதித் தருவார்கள். சரக்கு ஒரே விலைக்குப் போகாமல் இரண்டு, மூன்று தரமாகப் போயிருந்தால், எந்தத் தரத்தில் எத்தனை பெட்டி என்பதும் அதில் இருக்க வேண்டும். முன்பணம் வாங்கியிருந்தால் அன்று எவ்வளவு கழிக்கப்பட்டது, பாக்கி எவ்வளவு என்பதை அதே பட்டியலில் தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டு, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மெல்லிய தாளில் எழுதிய பட்டியலின் எழுத்து அடுத்த பருவம் வருவதற்குள் அழிந்துவிடும்.